ரேவதியின் முறை

இன்று காலை எழுந்ததும், பல் தேய்க்கக்கூடப் போகாமல், பீரோவின் அடித்தட்டிலிருந்து என் பழைய போனை எடுத்துச் சார்ஜில் போட்டேன். ஓரத்தில் விரிசல் விட்ட கண்ணாடி. விரல் வைத்தால் இப்போதும் நெருடுகிறது...

நேற்று மாலை ரேவதி பேசியதுதான் காரணம். ரேவதி என் ஓரகத்தி, கணவருடைய தம்பியின் மனைவி. குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். படுத்த படுக்கையாக இருக்கும் எங்கள் மாமியாரைத் தூக்கிக் குளிப்பாட்டுவதிலிருந்து எல்லாமே அவள்தான்.

"கும்பகோணத்துல ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேலை கெடச்சிருக்குக்கா. திங்கக்கெழமை சேரணுமாம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் கேக்குறாங்க. வேணாம்னு சொல்லிடப் போறேன். அத்தைய யாரு பாக்குறது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி ரேவதி, அடுத்த வருஷம் வேற வராமலா போயிடும்."

போனை வைத்த பிறகுதான் அந்த விளையாட்டு ஞாபகம் வந்தது.

ஊரடங்குக் காலம். தஞ்சாவூரிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டோம். மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நானும் ரேவதியும் கூடத்தில் உட்காருவோம். மஸ்கட்டிலிருந்து நாத்தனார் கவிதா போனில் சேர்ந்துகொள்வாள். அந்தச் சீட்டுச் சண்டை விளையாட்டை எங்களுக்குப் பழக்கியதே அவள்தான்.

மூன்று பேர் ஒரு டீம். எதிரே முகம் தெரியாத மூன்று பேர். ஒவ்வொரு சீட்டும் ஒரு வீரன் அல்லது ஒரு மிருகம். சீட்டை இறக்கச் சக்திப் புள்ளி செலவாகும். பெரிய சீட்டுக்குப் பெரிய செலவு. கடைசியில் டீமில் ஒருவர் தப்பி நின்றாலும் டீமுக்கே ஜெயம்.

அதுவரை நானும் ரேவதியும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. நான் ஆபீஸ் போகிறவள், அவள் வீடும் வயலும் பார்க்கிறவள்... அவ்வளவுதான் உறவு. விளையாட்டுதான் பேச வைத்தது.

ஒரு வாரம் புது விதி போட்டார்கள். வழக்கமாக ஆளுக்குப் பத்துப் புள்ளி. அந்த வாரம் மூவருக்கும் சேர்த்தே ஒரு சுற்றுக்குப் பத்துதான்.

என்னிடம் ஒன்பது புள்ளி யானை ஒன்று இருந்தது. பழக்கதோஷத்தில் முதல் சுற்றிலேயே இறக்கினேன். மற்ற இருவருக்கும் சேர்த்து மிச்சம் ஒன்று. தோற்றோம். அடுத்த ஆட்டத்திலும் அதையே செய்தேன்.

"பெரிய அண்ணி, பந்தியில மொத ஆளா உக்காந்து பாயச வாளியையே வாங்கி வச்சுக்கிட்டீங்கன்னா, நாங்க எலையையா திங்கிறது?" என்று கவிதா கத்தினாள்.

ஆளுக்கு மூன்று புள்ளியாகப் பிரித்துப் பார்த்தோம். கொசு மாதிரி சீட்டுகள்தான் இறங்கின. அதுவும் தோல்வி.

அப்போது ரேவதி சொன்னாள். "மொறை வச்சுக்குவோம்க்கா. தண்ணி கொறஞ்ச வருஷம் வாய்க்கால்ல எல்லா வயலுக்குமா தொறந்து விடுறோம்? கொஞ்சங்கொஞ்சமா பாஞ்சா எதுவும் நனையாது. இன்னிக்கு ஒருத்தர் வயலு, நாளைக்கு இன்னொருத்தர் வயலு."

"அப்ப காயுற வயலு, சின்ன அண்ணி?"

"அது காத்திருக்கும்."

முதல் சுற்று எனக்கு, இரண்டாவது கவிதாவுக்கு, மூன்றாவது தனக்கு. வரிசையையும் அவளே சொன்னாள். காத்திருப்பவருக்கு முன்னால் காவலுக்கு நிற்கச் சீட்டு எதுவும் இருக்காது. அடியெல்லாம் அங்கேதான் விழும். மூன்றாவது சுற்று வருவதற்குள் அவள் வெளியேறியிருப்பாள்.

"சின்ன அண்ணி மறுபடியும் காலி!"

"நான் போனா என்ன, அதான் அக்காவோட யானை நிக்குதுல்ல" என்பாள் ரேவதி. எழுந்து அத்தைக்குக் காப்பி போடப் போய்விடுவாள்.

அந்த வாரம் முழுக்க ஜெயித்தோம். ஏதோ பெரிய தந்திரம் கண்டுபிடித்துவிட்ட பெருமை எங்களுக்கு...

அரை மணி நேரம் கழித்துப் போன் உயிர் பெற்றது. விளையாட்டு திறந்தது. பழைய ஆட்டங்களின் பட்டியல் அப்படியே இருந்தது.

அந்த விதி ஒரு வாரம்தான். அடுத்த வாரமே ஆளுக்குப் பத்துப் புள்ளி திரும்ப வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும், மாதக்கணக்கில், அதே வரிசை. நான், கவிதா, ரேவதி. அவள் பெயருக்கு எதிரே, இறக்கிய சீட்டு பூஜ்யம். அடுத்த ஆட்டம், பூஜ்யம். அதற்கடுத்தது... தன் புள்ளிகள் கையிலேயே இருக்க, அவசியமே இல்லாமல் காத்திருந்து அடி வாங்கியிருக்கிறாள்.

'இப்பத்தான் உனக்கும் புள்ளி இருக்கே, நீயும் எறக்கேன்' என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவே தோன்றவில்லை.

ஊரடங்கும் அப்படித்தான் முடிந்தது. நாங்கள் தஞ்சாவூர் திரும்பினோம். பிறகு அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. "இப்போதைக்கு ரேவதி பாக்கட்டும், அப்புறம் மொறை வச்சுக்குவோம்" என்று பேசியது நானும் கவிதாவும்தான். அந்த அப்புறம் வரவே இல்லை. அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேதான் ரேவதி அஞ்சல் வழியில் கணக்குப் பட்டம் வாங்கினாள்.

அன்று ஒரே கூடத்தில் தோள் இடிக்க உட்கார்ந்து, ஒரு புள்ளிக்காகச் சண்டை போட்டோம். இன்று நான் போன் செய்தால், "அத்தை எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறேன். "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டு எத்தனை நாளாகிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை.

நாளை ஆபீசில் ஆறு மாத லீவுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். இந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. லீவில் போனால் அது அடுத்தவருக்குப் போய்விடும். நினைத்தால் வலிக்கத்தான் செய்கிறது... போகட்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு கவிதா வர வேண்டும். கத்துவாள். கத்தட்டும்.

இந்த நிமிடம் வரை யாரிடமும் சொல்லவில்லை. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் என் கணவருக்கே தெரியாது. ரேவதியிடம் பேசிய பிறகுதான் இதை உங்களுக்குப் பதிவிடுவேன்.

வேலைக்குப் போ என்று சொன்னால் கேட்க மாட்டாள். ஆயிரம் சமாதானம் சொல்வாள். அதனால் அதைச் சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பெட்டியோடு வருகிறேன், அத்தை ரூமில் எனக்கும் ஒரு கட்டில் போட்டு வை என்று மட்டும் சொல்லப் போகிறேன்.