வாழையும் நாளையும்

போன வாரம் லிங்கராஜபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஒரு பேக்கரியிலிருந்து இஞ்சி பிஸ்கட் வாசனை வந்தது. ஸ்டெல்லாவின் டிபன் பையில் எப்போதும் இந்த வாசனைதான் இருக்கும். அவள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அவள் இறந்துவிட்டாள்; துக்கம் கேட்க.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். கண்டோன்மென்ட்டில் ஒரு சின்ன ஆபீஸில் நாங்கள் இருவரும் டைப்பிஸ்டுகள். ஒருநாள் அந்தப் பையில் பெயர் போடாத ஒரு சீட்டு கிடந்தது.

வாழைக் குருத்தே வழிபார்த்து நிற்கின்றேன்
நாளையும் நாளையும் நான்

“தமிழ்ப் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணியிருக்கியே, யாரு எழுதினதுன்னு கண்டுபுடிடீ” என்றாள் ஸ்டெல்லா.

எனக்குக் கேட்கவா வேண்டும்? பென்சிலும் கையுமாக உட்கார்ந்து சீர் பிரித்தேன். தளை எங்கும் தட்டவில்லை. ‘நாளையும்’ இரண்டு முறை வருகிறதே, காத்துக் காத்து அலுத்தவன் என்றேன். எதுகைதான் இடித்தது. வாழைக்கு நாளை எப்படிப் பொருந்தும்? ழகரத்தை ளகரமாகச் சொல்கிறவன் காதுக்குத்தான் பொருந்தும். எங்கள் ஆபீஸில் ‘வாளப்பளம்’ என்பவர் ஒருவர்தான்: ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த ஜோகுபாளையத்து ஞானராஜ்.

ஸ்டெல்லா நேரே போய், “நீங்க எழுதினதா?” என்று கேட்டாள். அவருக்கு வியர்த்துவிட்டது. “ஆமா” என்றார்.

மறு வருஷம் அவர்கள் இருவருக்கும் கல்யாணம். மாதா கோயில் வாசலில் மாப்பிள்ளையிடம் என் டைரியை நீட்டி, அந்த இரண்டு வரியை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள் என்றேன்.

“எனக்குத் தமிழ் பேசத்தாங்க வரும். படிச்சதெல்லாம் கன்னடம்.”

ஸ்டெல்லா அவரையே பார்த்தாள். “அப்ப ஏன் ஆமான்னீங்க?”

“நீ வந்து கேக்கறப்போ இல்லேன்னு சொல்ல மனசு வரல.”

அவள் சிரித்துவிட்டாள். “எழுதினவன் வாயத் தொறக்கல. இவரு தொறந்துட்டாரு. விடுடீ.”

நான்தான் விடவில்லை. பல வருஷம் கழித்து ஒரு இலக்கணப் புத்தகத்தில், ழ, ள போன்ற இடையின எழுத்துகள் ஒன்றுக்கொன்று எதுகையாக வரலாம் என்று படித்தேன். எதுகையில் தப்பே இல்லை. அப்படியானால் எழுதியவன் நன்றாகப் படித்தவனா? ஹெட் கிளார்க்கா? தபால் கொண்டுவருபவரா? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக் குழம்பியதுதான் மிச்சம்.

போன வாரம் துக்கம் கேட்கப் போன அன்று ஞானராஜ் காபி போட்டுக் கொடுத்தார். டம்ளரை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “அந்தப் பாட்டு, எங்களச் சேத்து வைக்க நீங்களே எழுதினதுதானே?”

“சத்தியமா இல்லீங்க.”

“அப்ப யாரு?”

இவ்வளவு நாளும் அவர் என்னைத்தான் நினைத்திருக்கிறார். இருவருமாக அந்த ஆபீஸை மேஜை மேஜையாக எண்ணிப் பார்த்தோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் மாற்றி ஒருவர், “அவரும் போயிட்டார்” என்றோம். மிச்சமிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருமே எழுதவில்லை.