அப்பாவுக்கு வைத்த மோச்சி

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் எங்கள் எதிர் ஃப்ளாட்டுக்கு ஒரு ஜப்பானியப் பெண் குடிவந்தபோது, அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அம்மா என்னோடுதான் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள், இனிப்பைத் தொடவே மாட்டாள். விஷுவுக்கு வைத்த பாயசத்தைக்கூட "வேண்டாம் மக்ளே" என்று தள்ளிவைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் சின்னப் பெட்டி ஒன்றோடு வந்து கதவைத் தட்டினாள். அவள் கணவருக்கு ஐ.டி. பார்க்கில் வேலை, அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். பெட்டியில் மாவு தூவிய ஆறு வெள்ளை உருண்டைகள்.

"மோச்சி. நானே செய்தேன்" என்றாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "கொழுக்கட்டை அல்லே இது?"

ஒன்றைப் பிட்டுக் காட்டினேன். மாவு ரப்பர் போல இழுபட்டது. உள்ளே கருஞ்சிவப்பாய்ப் பயற்றுப் பூரணம். அம்மா பின்வாங்கினாள்.

அதற்குள் அந்தப் பெண் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாவா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். ஒரு தட்டு கேட்டு வாங்கி, படத்துக்குக் கீழே அலமாரியில் ஒரு மோச்சியை வைத்துக் கண்மூடிக் கைகூப்பினாள். "எங்கள் வீட்டில் முதலில் இறந்துபோனவர்களுக்குத்தான்."

அம்மா நின்றபடியே அழுதாள்.

"கேட்டாரு மக்ளே. சதுர்த்திக்கு இன்னும் ஒரே ஒரு கொழுக்கட்டை தான்னு கேட்டாரு. சுகர் கூடுதல்னு தட்டைப் பிடுங்கிட்டேன். அடுத்த மாசம் ஆளே இல்ல. கொடுத்திருக்கலாம் அல்லே?"

ஒன்றும் புரியாத அந்தப் பெண் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விஷயத்தை இங்கிலீஷில் சொன்னேன். அவள் கேட்டு முடித்ததும், தட்டில் இன்னொரு மோச்சியையும் வைத்தாள்.

அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "ரெண்டா! அவருக்கு சுகர்னு சொன்னியா இல்லியா?"

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ஒன்றை அம்மாவே எடுத்துத் தின்றாள். வாயெல்லாம் வெள்ளை மாவு.

அடுத்த வாரம் இருவரும் எங்கள் சமையலறையில் மோச்சி செய்யப் பார்த்தார்கள். நம் கடை அரிசிமாவு அப்படி இழுபடவில்லை, உருட்டியதெல்லாம் வெடித்தது. அம்மா அசராமல் அத்தனையையும் ஆவியில் வைத்து எடுத்தாள். இப்போதெல்லாம் நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்கும், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக. அந்தப் பெண்ணுக்கு அதில் எவ்வளவு புரிகிறதோ தெரியாது. நடுநடுவே அவள் சிரிப்பதும் கேட்கும்.