ஆறாம் பதிப்பில் செம்மொழியின் பெயர்

செம்மொழி என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கம்ப்யூட்டரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை என்பார் அவள் அப்பா சாமிதுரை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு முகம் தெரியாத வெள்ளைக்காரனோடு மல்லுக்கு நிற்கிற வேலை என்பாள் அம்மா அம்சம். இரண்டுமே ஏறக்குறைய சரிதான். ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை போகிற சாலையில், புது ஆற்றுப் பாசனத்தில் விளைகிற ஊர் அது. அங்கே ஒரு சிமெண்ட் ஷீட் போட்ட அறையில், ஒரு பக்கம் உர மூட்டை, மறுபக்கம் இன்வெர்ட்டர், நடுவில் ஒரு மேசை. உலகத்துக் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு அடிவயிறாக இருக்கிற லினக்ஸ் கெர்னல் என்ற நிரலின் ஒரு மூலை, அந்த மேசை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த கெர்னலை ஒரு கம்பெனி எழுதுவதில்லை. ஊர் உலகமே சேர்ந்து எழுதுகிறது. ஒருவர் ஒரு மாற்றத்தை எழுதி எல்லோரும் பார்க்கும்படி மெயிலில் அனுப்புவார். அதற்குப் பெயர் பேட்ச். இன்னொருவர் அதை வரி வரியாகப் படித்து, குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வார். திருத்திய பதிப்பு வரும். மறுபடியும் படிப்பார். கடைசியில் மனசு ஒப்பினால், 'நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்பதற்கு அடையாளமாகத் தன் பெயரை ஒரு வரியில் கொடுப்பார். அந்த வரி பேட்சோடு ஒட்டிக்கொண்டு கெர்னலின் வரலாற்றில் ஏறிவிடும். ஏறிய பிறகு யார் தலைகீழாக நின்றாலும் அழிக்க முடியாது.

செம்மொழி பார்த்தது பாக்கெட் லேபிள் விவகாரம். நெட்வொர்க்கில் தகவல் துண்டு துண்டாகப் போகும். ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். இது இன்னாருடையது, இதை இன்னார்தான் திறக்கலாம் என்று அதன் மேல் பாதுகாப்பு முத்திரையாக ஒரு லேபிள் இருக்கும். அப்பாவுக்கு அவள் இதை விதை நெல்லை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். சான்று விதை மூட்டையின் வாயில் நீல அட்டை தைத்து வருகிறதல்லவா? அந்த மூட்டையை நீங்களும் பக்கத்து வயல்காரரும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் அட்டை ஒரு பாதியோடு போய்விடும். மற்ற பாதி எந்த விதை என்று யாருக்குத் தெரியும்? "அந்தப் பாதிக்கும் அட்டை போடுறாங்களான்னு பாக்குறதுதான்ப்பா என் வேலை." சாமிதுரை தலையாட்டினார். புரிந்ததோ இல்லையோ, மகள் சொன்னால் சரி.

இந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்தவன் பிரபு. சாமிதுரை ஒரு காலத்தில் யார் நிலத்தில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டினாரோ அந்தத் துரைராசுவின் மகன். கல்லூரியில் செம்மொழிக்கு மூத்தவன். சென்னையில் நெட்வொர்க் கருவி செய்கிற ஒரு கம்பெனியில் டீம் லீடராக இருந்தான். வேலை கிடைக்காமல் அவள் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, "வா செம்மொழி, நான் பாத்துக்குறேன்" என்று தன் டீமிலேயே சேர்த்துக்கொண்டான். அவனை அவள் 'அண்ணே' என்று கூப்பிட்டது வாய் வார்த்தைக்கு அல்ல. அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை.

கம்பெனிக்குள் அவள் பிரபுவுக்குக் கீழே. வெளியே, அந்த மெயில் உலகத்தில், அப்படி மேல் கீழ் கிடையாது. அங்கே அவள் சம்பாதித்தது ஒன்றே ஒன்று. செம்மொழி பார்த்துவிட்டாள் என்றால் பார்த்துவிட்டாள்தான். அந்த மூலைக்குப் பொறுப்பாக இருந்த நார்வேக்காரர் யாரையும் லேசில் நம்பாத ஆள். அவரே ஒருமுறை, 'இவர் பெயர் இருந்தால் நான் நிம்மதியாகத் தேநீர் குடிப்பேன்' என்று எல்லோரும் பார்க்க எழுதியிருந்தார். செம்மொழி அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். "டீ குடிக்கிறதுக்கு உன்னைக் கேக்கணுமா அந்த ஆளு?" என்றாள் அம்சம்.

பிரபு அனுப்பிய பேட்ச் ஒன்று நெடுநாள் இழுத்தது. பெரிய பாக்கெட்டுகளைச் சின்னதாக வெட்டுகிற வேலையை வேகப்படுத்துகிற மாற்றம். கம்பெனியின் புதுக் கருவிக்கு அது அவசியம். செம்மொழி அதை விடவே இல்லை. வெட்டுகிற இடத்தில் லேபிளை ஒவ்வொரு துண்டுக்கும் நகல் எடுங்கள், இல்லாவிட்டால் லேபிள் இல்லாத துண்டு காவலைத் தாண்டி ஓடிவிடும் என்று திரும்பத் திரும்ப எழுதினாள். ஐந்தாம் பதிப்பில் பிரபு அதைச் சேர்த்தான். அவள் தன் பெயர் வரியைக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் சாமிதுரைக்குத் தஞ்சாவூரில் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் மெயில் பார்க்க மாட்டேன் என்று அவள் சொன்னபோது, "பஸ்ஸுல எதுக்கு அப்பாவை அலைய விடுற? நம்ம காரை அனுப்புறேன்" என்றான் பிரபு. காரும் வந்தது, டிரைவரும் வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அம்சம் கண் கலங்கி, "பெரிய மனசு அந்தத் தம்பிக்கு" என்றாள். அந்த வாரத்தில்தான் ஆறாம் பதிப்பு போயிற்று.

மெயில் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கெர்னல் நகர்ந்துகொண்டே இருப்பதால், பேட்சைப் புதுத் தேதிக்கு ஏற்றபடி ஒட்டி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். உள்ளே எதுவும் மாறவில்லை என்றால், முன்பு பார்த்தவரின் பெயரை அப்படியே எடுத்து அடுத்த பதிப்பிலும் போட்டுக்கொள்ளலாம். மாறியிருந்தால் பெயரை எடுத்துவிட வேண்டும். காவல் காக்க ஆள் இல்லாத வழக்கம், ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவதில் நிற்கிறது. ஆறாம் பதிப்பின் அடியில் பிரபு, 'நிரலில் மாற்றம் இல்லை, புதிதாக ஒட்டியது மட்டும்தான்' என்று எழுதியிருந்தான். அதற்கு மேலே செம்மொழியின் பெயர் இருந்தது. நார்வேக்காரர் நிம்மதியாகத் தேநீர் குடித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். ஊர் திரும்பிய செம்மொழியும் அந்த அடிக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு மேலே போனாள். அண்ணன் எழுதியதை அவள் எதற்குத் துருவ வேண்டும்?

குறுவை அறுப்பு நேரத்தில் வெடித்தது. எங்கோ ஒரு நிறுவனத்தில், பூட்டி வைத்திருந்த இடத்துக்குள் லேபிள் இல்லாத பாக்கெட்டுகள் சாவகாசமாகப் போய்வந்துகொண்டிருந்ததை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். காரணம் அந்த பேட்ச். நார்வேக்காரர் பொது மெயிலில் கேட்டார்: 'செம்மொழி, லேபிள் நகல் எடுக்கிற இடமே இதில் இல்லை. இதை நீங்கள் எப்படித் தவறவிட்டீர்கள்? உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை.'

செம்மொழி அவசரமாகக் கெர்னலின் வரலாற்றைத் திறந்தாள். பெயர் இருந்தது, லேபிள் நகல் இல்லை. பெயர் இருந்தால் பார்த்திருக்கிறோம் என்றுதானே அர்த்தம்? அப்பாவின் ஆபரேஷன் கவலையில் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டோம் போல என்று நினைத்தாள். அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய முட்டாள்தனம் அது. தன் ஞாபகத்தைவிட அந்த வரியை நம்பினாள். உலகம் பார்க்க எழுதினாள்: 'முழுக்க என் கவனக்குறைவு. மன்னிக்கவும்.'

கொஞ்ச நேரத்தில் பிரபுவிடமிருந்து போனில் ஒரு மெசேஜ் வந்தது. "மனசப் போட்டு அலட்டிக்காத. எல்லாருக்கும் நடக்குறதுதான்."

அந்த ஆறுதலில் அவள் அழுதே விட்டாள். பிறகு, எந்த இடத்தில் தவறினோம் என்று தெரிந்துகொள்ள, தான் அன்று எழுதிய பழைய மெயிலைத் தேடி எடுத்தாள். 'வெட்டுகிற இடத்தில் லேபிள் இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் போகிறது, நன்றி' என்று அவளே எழுதியிருந்தாள். அப்படியானால் ஐந்தாம் பதிப்பில் அது இருந்திருக்கிறது. ஐந்தையும் ஆறையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். லேபிளை நகல் எடுக்கிற வரிகளை மட்டும் யாரோ களை பிடுங்குவது போல வேரோடு பிடுங்கியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ? அனுப்பியவன் பெயர் மேலேயே இருக்கிறது.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. அசிங்கமாக இருந்தது. தானே போய் நடுத்தெருவில் நின்று, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். செய்தவன் பக்கத்தில் நின்று முதுகைத் தட்டிக்கொடுத்திருக்கிறான்.

அந்த வார இறுதியில் பிரபு ஊருக்கு வந்தவன், அவள் போனை எடுக்கவில்லை என்று வீட்டுக்கே வந்தான். அம்சம் பரபரத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காப்பி வந்தது.

"ஆறாவது பதிப்பை நான் பாக்கலண்ணே," என்றாள் செம்மொழி.

பிரபு டம்ளரைக் கீழே வைத்தான். தெரியாதது போல நடிக்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்லவன்.

"ஸ்பீடு டெஸ்ட்ல அடி வாங்கிருச்சு. அந்த வரிங்கதான் காரணம். கஸ்டமருக்குத் தேதி குடுத்தாச்சு. நீ ஆஸ்பத்திரியில இருந்த."

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அது தெரிஞ்சுதான் கேக்கல."

"அப்ப என் பேரையாவது எடுத்திருக்கலாம்ல?"

"உன் பேரு இல்லாம அந்த நார்வே ஆளு வாங்க மாட்டாரு செம்மொழி. உனக்கே தெரியும்."

"சரிண்ணே, அது போவட்டும். நான் மன்னிப்புக் கேட்டேனே, அப்பவாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா? எல்லாருக்கும் நடக்குறதுதான்னு எனக்கே ஆறுதல் சொன்னீங்க."

பிரபு வாசல் பக்கம் பார்த்தான். "சொன்னா என் வேலை போயிரும். நீ தெரியாம விட்டுட்டேன்னா அதோட முடிஞ்சுது, யாரும் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீயே சொல்லியும் முடிச்சுட்ட. இனிமே எதுக்கு அதைக் கிளப்பணும்? நமக்குள்ள இதுல என்ன இருக்கு? உன் பேரை நான் போடக்கூடாதா?"

கேட்ட விதத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. போடக்கூடாதா என்று அவன் நிஜமாகவே கேட்டான். களத்துமேட்டில் கிடக்கிற தன் வீட்டு மண்வெட்டியை எடுக்க யாரிடம் கேட்க வேண்டும் என்கிற மாதிரி.

அவன் போன பிறகு அம்சம் உள்ளே வந்தாள். "என்னத்த எழுதப்போறியோ எனக்குத் தெரியாது. அவுங்க கார்லதான் அப்பா கண்ணு ஆபரேசனுக்குப் போனாரு. அத நெனச்சுக்க."

சாமிதுரை ஆபரேஷன் கண்ணை மறைத்துக் கட்டிய பச்சைத் துணியைக் கழற்றி நாளாகியிருந்தது. இப்போது நன்றாகத் தெரிகிற கண்ணால் மகளைப் பார்த்து, "எதுக்கும்மா வம்பு? பெரிய எடம்," என்றார்.

அப்பாவின் மேல் அவளுக்கு வந்த கோபம் பிரபுவின் மேல்கூட வரவில்லை. துரைராசு நீட்டிய தாளில் எல்லாம் என்ன ஏது என்று கேட்காமல் கைநாட்டு வைத்துப் பழகிய மனிதர். தன் பெயர் தனக்கு என்று அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அவளுக்கு இருந்தது. வேலை போனால் போகட்டும், அண்ணன் என்று ஒருவன் இல்லாமல் போனாலும் போகட்டும். அந்தப் பெயரையும் இழந்துவிட்டு என்னவாக உட்கார்ந்திருப்பது?

எழுதினாள். 'முன்பு கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெறுகிறேன். நான் பார்த்தது ஐந்தாம் பதிப்பு. ஆறாம் பதிப்பில் நிரல் மாற்றப்பட்டிருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை. என் பெயர் என்னைக் கேட்காமல் போடப்பட்டது. இரண்டுக்குமான வித்தியாசம் கீழே. சரிசெய்கிற பேட்சும் கீழே.' யாரையும் திட்டவில்லை. பிரபு என்ற பெயரைக்கூட எழுதவில்லை. வித்தியாசத்தைத் திறந்தால் அது தானே தெரியும். அனுப்பினாள். பிரபு அன்றே அவளை கம்பெனி குரூப்பிலிருந்து நீக்கினான். அவன் வீட்டுக் கார் அந்தத் தெருவழியே போவதும் நின்றது.

நார்வேக்காரர் அவள் பேட்சை உடனே ஏற்றார். பழையதை அழிக்க வழியில்லை, வருந்துகிறேன் என்றும் எழுதினார். அந்தக் கெட்ட மாற்றத்தின் அடியில் செம்மொழியின் பெயர் இருக்கத்தான் செய்யும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவர் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தார்: 'அவருடைய முந்தைய பேட்சுகள் பலவற்றிலும் உங்கள் பெயர் இருக்கிறதே. அவற்றையெல்லாம் நீங்கள் பார்த்தீர்களா?'

பார்த்தேன் என்று எழுதக் கை போயிற்று. நின்றது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பார்த்த பிரபுவின் முதல் பேட்சைத் திறந்தாள். அவள் பெயர் முதன்முதலாகக் கெர்னலில் ஏறியது அதில்தான். அன்று பிரபு ஒரத்தநாட்டிலிருந்து ஸ்வீட் வாங்கிவந்து, "இனிமே உலகத்துக்கே உன்னைத் தெரியும்" என்று அம்மா கையில் கொடுத்தான். அவள் அன்று படித்த பதிப்பையும் ஏறிய பதிப்பையும் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு வரி வேறாக இருந்தது. அவற்றில் பிழை இல்லை. சொல்லப்போனால் முன்பு இருந்ததைவிடச் சுத்தமாகவே இருந்தன. அவள் பார்க்காத வரிகள், அவ்வளவுதான்.

நார்வேக்காரருக்கு அவள், 'தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று எழுதிவிட்டு, அடுத்ததைத் திறந்தாள்.