பொட்டாஷ் ஏற்றிய ஜீப்

அந்த ஹாரன் சத்தம் கேட்டபோது டிரைவர் அண்ணன் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். குந்தா பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் டிஸ்பென்சரியில் நான் அப்போது நர்ஸ். பிற்பகல் மூன்று மணி இருக்கும். அவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மூடுபனி, வாசலில் நின்ற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து எஸ்டேட் ஜீப்பின் ஹாரன் விடாமல் ஒலித்தது. அண்ணனின் முகம் வெளுத்தது.

“பேட்டரியக் காலைலயே கழட்டி வெச்சுட்டனுங்க, சிஸ்டர்.”

அந்த ஜீப்புக்குக் கிட்டத்தட்ட என் வயது. நோயாளிகளை ஊட்டிக்குக் கொண்டுபோவதும் அதுதான், தோட்டத்துக்குப் பொட்டாஷ் உரம் ஏற்றுவதும் அதுதான். “பேருதானுங்க உரம். உப்புங்க அது. இரும்பைச் சத்தமில்லாமத் தின்னுபோடும்” என்பார் அண்ணன். மூட்டையிலிருந்து சிந்தும் பொடி பனி ஈரத்தில் கசிந்து இடுக்குகளில் இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு லோடு முடிந்ததும் வண்டிக்கு அடியில் படுத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார். ஃபேக்டரியின் அடுப்பறைச் சுவரோரம் நிறுத்திக் காயவைத்து, பழைய இன்ஜின் ஆயிலைத் துணியில் தோய்த்துப் பூசுவார். கடைசியில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை ஸ்பேனரால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். அதைப் பார்த்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

ஷெட்டுக்கு இருவரும் ஓடினோம். பேட்டரி பலகைமேல் இருந்தது. அதன் வயர்கள் எதையும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஹாரன் மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று நின்றது. பிறகு வந்த அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. தகரக் கூரையிலிருந்து பனிநீர் சொட்டுவதுகூடக் கேட்டது.

அவர் வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஸ்பேனர் சத்தம் கணீர் கணீரென்று வந்தது. பின்பக்கம் போனதும் நனைந்த அட்டையைத் தட்டியதுபோல் மங்கிப்போனது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பிடிவரை உள்ளே போய்விட்டது.

“வெளிய எல்லாம் நான் கழுவுனனுங்க. இது உள்ளுக்குள்ள இருந்து தின்னுருக்குது.”

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு பெண்ணைக் கம்பளியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். தலைப்பிரசவம், ரத்தம் போய்க்கொண்டிருந்தது. போனில் டவர் இல்லை. கூடவே வந்த தோட்டத்து ஃபீல்டு ஆபீசர் வண்டியை எடுக்கச் சொன்னார். அண்ணன் முடியாது என்றார். “நேத்துவரைக்கும் ஓடுன வண்டிதானய்யா?” என்று ஆபீசர் கத்தினார்.

நானும் கத்தினேன். “இந்தப் பொண்ணு செத்துப்போனா, உங்க வண்டியக் காப்பாத்தி என்னங்கண்ணா பண்ணப் போறீங்க?”

அண்ணன் பேண்ட் பைக்குள் வலது கையை விட்டார். “இதுல ஏத்த மாட்டனுங்க, சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஃபேக்டரியை நோக்கி ஓடினார். பனி அவரை உடனே மூடிக்கொண்டது. பறித்த தேயிலை ஏற்றும் இலை லாரியோடு அவர் திரும்பிவர ஒரு மணி நேரமானது. அந்த ஒரு மணி நேரமும் அந்தப் பெண்ணின் குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் யாரையும் வெறுக்காத அளவுக்கு அவரை வெறுத்தேன். ஊட்டி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

மறுநாள் காலை ஃபீல்டு ஆபீசர் தானே பேட்டரியை மாட்டி, ஜீப்பை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனார். இரண்டாவது வளைவில் சேஸிஸ் முறிந்தது. முன்பக்கம் மண்மேட்டில் மோதி நின்றது. பின்பக்கம் அப்படியே ஓடைப் பள்ளத்துக்குள் போய்விட்டது. தோள் எலும்பு உடைந்து வந்தவருக்கு நான்தான் கட்டுப் போட்டேன். “நேத்து அந்தப் பொண்ண எங்க படுக்க வெச்சிருப்போம், சிஸ்டர்?” என்று கேட்டார்.

இப்போது அந்த எஸ்டேட்டில் புது ஆம்புலன்ஸ் நிற்கிறதாம். நானும் குன்னூருக்கு வந்து பல காலம் ஆகிவிட்டது. பேட்டரி இல்லாமல் ஹாரன் எப்படி அடித்தது என்று பல மெக்கானிக்குகளிடம் கேட்டிருக்கிறேன். நான் சரியாகப் பார்த்திருக்க மாட்டேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியும் இருக்கலாம்.

ஆனால் ஜீப் முறிந்த அன்று சாயங்காலம் நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, அண்ணன் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“நீங்க திட்டுனதுல தப்பொண்ணும் இல்லீங்க, சிஸ்டர். எனக்கும் அந்தப் பொண்ணைப் பார்த்ததும் மனசு மாறிப்போச்சு. சரி, எடுத்துரலாம்னுதான் சாவிக்குப் பையில கைய உட்டனுங்க.” தன் வலது கையை யாருடையதோபோல் திருப்பிப் பார்த்தார். “கை வெளிய வரலீங்க. யாரோ புடிச்சுட்டு இருந்தாங்க.”