ராவுத்தரின் உபயம்

எனாமல் பெயின்டின் வாடை வந்துவிட்டால் தாராவியின் தோல் வாடை கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அது எப்போதும் ஒதுங்கியே இருந்தது, ஏனென்றால் அப்பா போர்டு எழுதுகிறவர். அறுபதுகளில் எங்கள் பக்கத்தில் ஃபேனோ பெஞ்சோ பொதுவுக்கு யார் எதைக் கொடுத்தாலும், அதில் ‘உபயம்’ என்று போட்டுக் கொடுத்தவர் பெயரை எழுத அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் சின்ன முனிசிபல் ஹைஸ்கூலுக்கு, வெங்காயத் தோலுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பெண்கள் நாங்கள் செய்து காட்டுவதற்காக, தோல் மண்டி காதர் மைதீன் ராவுத்தர் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தார். எங்களுக்கு அது ‘பூதக்கண்ணாடி’. கல்வி அதிகாரி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அடுத்த வருடம் எங்களுக்கு சயன்ஸ், இல்லையென்றால் தையல். தையல் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதிகாரி வருகிற காலையில், ராவுத்தர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, வரவேற்பு போர்டு எழுத வந்த அப்பா பெயின்ட் டப்பாக்களோடு கதவோரம் நிற்க, டீச்சர் குனிந்து பார்த்தார், இருட்டு. ஜன்னல் பக்கம் திருப்பினார், அப்போதும் இருட்டு. வெளிச்சத்தை மேலே அனுப்ப வேண்டிய அடி வட்டக் கண்ணாடி முழுக்க, அப்பாவின் அழகான சிவப்பெழுத்தில் உபயம் நிறைந்திருந்தது.

“பளபளன்னு இருந்த எடம் அது ஒண்ணுதான் டீச்சர்” என்றார் அப்பா. கொடுத்தவரை எதிரில் வைத்துக்கொண்டு அவர் பெயரை அழிப்பது எப்படி? மாடிப்படியில் அதிகாரியின் பூட்ஸ் சத்தம் கேட்டது. பொறுக்கமாட்டாமல் நான், “மொதலாளி, ஒங்க பேரு வெளிச்சத்த மறைக்கி” என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

ராவுத்தர் எழுந்து வந்து தானும் ஒருமுறை குனிந்து பார்த்தார். “டர்பன்டைன் வச்சிருக்கீரா வே?” என்று அப்பாவிடம் கேட்டு வாங்கி, தோள் துண்டால் தன் பெயரைத் தானே துடைத்தார். “பேரு கெடக்கட்டும். புள்ளைக பாக்கட்டும்.”

குனிந்த அதிகாரி நிமிர வெகுநேரமாயிற்று. சயன்ஸ் கிடைத்தது. எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. அப்பாவுக்கோ, ஒரு மாதம் வரை போகிற இடமெல்லாம் என்னைப் பற்றிய பெருமைப் பேச்சுதான்.

செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்று அந்த மண்டி இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது, பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை, மைக்ராஸ்கோப் எந்தப் பழைய சாமான் கடைக்குப் போயிற்றோ தெரியாது. ராவுத்தரின் பெயர் அங்கே எந்தச் சுவரிலும் இல்லை. அப்பாவின் கையெழுத்து எனக்கு வராது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நான் படித்த சயன்ஸ், உபயம்: காதர் மைதீன் ராவுத்தர்.