தம்பியைப் புதைத்த மூலை

பெக்கான் நானாஸ் சாலையோரம் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். தோண்டிய கரிமண்ணின் புளித்த வாடை உள்ளே வந்தது. சிறுமியாக இருந்தபோது என் கால் விரல் இடுக்கெல்லாம் இந்த வாடைதான்.

அப்போது இது தாத்தாவின் அன்னாசித் தோட்டம். பிறந்த அன்றே இறந்துபோன என் தம்பியை இதன் மேட்டு மூலையில்தான் புதைத்தார்கள். தாத்தாவுக்குப் பின் நிலம் பெரியப்பாவுக்குப் போனது. அவர் யாரிடமும் சொல்லாமல், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் விற்றுவிட்டார். அப்பா வாயே திறக்கவில்லை. அம்மாதான் பால் செம்போடு, என்னையும் இழுத்துக்கொண்டு, தவுக்கே வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“தவுக்கே, அனாக் சாயா அட டி சானா,” என்றாள் மலாயில். என் பிள்ளை அங்கே இருக்கிறான் என்று.

அவர் அம்மாவின் கையிலிருந்த செம்பைப் பார்த்தார். பிறகு, “போலே லா,” என்று சம்மதமாகத் தலையாட்டினார். அந்த மூலையில் அவர் கடைசிவரை எதுவும் நடவில்லை. வருஷா வருஷம் அம்மா பால் ஊற்றினாள். தவுக்கேயின் மகன் எண்ணெய்க்குச் செம்பனை போடுகிறவருக்கு விற்றபோது, வாங்கியவரிடமும் போய்க் கெஞ்சி அனுமதி வாங்கினாள்.

இன்று சுற்றிலும் தகர வேலி. வாசலில் நின்ற காவலாளியிடம் கேட்டுவிட்டு, அம்மா உட்கார்ந்திருந்த காருக்குத் திரும்பினேன்.

“இப்ப யாரோடதாம்?” என்றாள் அம்மா.

“ஏதோ கம்பெனியாம். பேரு அவருக்கும் தெரியலம்மா.”

“ஆளுன்னு ஒருத்தர் இருந்தா, காலப் புடிச்சாவது கேப்பேன்.”

மண் ஏற்றிய லாரி ஒன்று வேலியைத் தாண்டி வெளியே வந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

“அத எங்க கொண்டுபோயி கொட்றாங்கன்னு கேளும்மா.”