அரிசி மூட்டையோடு எடுத்த படம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, செமிலிங் பக்கம் நான் வசிக்கும் தாமான் குடியிருப்பில் நடந்தது இது. இதில் வருகிறவர்களின் பெயர்களையும் இன்னோர் ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. காரணம் படித்தால் புரியும்.

நான் செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆள் எண்ணி, குலை எண்ணிப் பழகிய புத்தி. இன்றும் சாவு வீட்டுக்குப் போனால் நாற்காலிகளை எண்ணுகிறேன். பக்கத்து வீட்டில் ஒரு லாரி ஓட்டுநர், அவன் மனைவி, ஒரு சின்ன மகள். கோயிலில் அவன் எல்லாருக்கும் நல்ல பிள்ளை. பந்தியில் பாயசம் அவன் கையால்தான் வரும். வீட்டில் அந்தக் கை என்ன செய்தது என்பது சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குக் கேட்கும். கோயில் தலைவரிடம் சொன்னேன். அவர் இருவரையும் வரவழைத்து, கற்பூரம் ஏற்றி, இனி அடிக்க மாட்டேன் என்று அவனைச் சத்தியம் செய்யவைத்து, ஒன்றாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கற்பூரம் அணைய எவ்வளவு நேரமாகும்?

அந்த ஆண்டின் நடுவில் ஒரு நாள், அவன் வேலைக்குப் போன பிறகு, வீங்கிய மணிக்கட்டோடு அவள் என் வாசலில் வந்து நின்றாள். பிள்ளை அவள் பின்னால் ஒளிந்திருந்தது. காடியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அவசரப் பிரிவில் இப்படி வருகிறவர்களுக்கென்று தனி அறை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மருத்துவர் அங்கேயே வந்தார், போலீஸ் புகாரும் அங்கேயே எழுதப்பட்டது. சமூக நல இலாகாவிலிருந்து வந்த மலாய்க்காரப் பெண் அதிகாரி என்னை வெளியே அழைத்து, இவர்களை ஒரு காப்பகத்துக்கு அனுப்புகிறோம், எந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்றார். எனக்குச் சற்று வருத்தம்தான். என்னைக்கூடவா நம்பவில்லை என்று வீடு வரும் வரை முணுமுணுத்தேன்.

தீபாவளி நெருங்கியது. கோயில் நிர்வாகம் வழக்கம்போல ஏதோ ஓர் இல்லத்துக்கு அரிசி கொடுக்க முடிவு செய்தது. அதில் இரண்டு மூட்டை என்னுடையது. பெண்கள் காப்பகம் ஒன்றுக்குப் போகிறார்கள் என்றார்கள். எங்கே என்று நானும் கேட்கவில்லை. அந்த இல்லத்தார், அரிசியைக் கடைவீதியில் இருக்கும் தங்கள் அலுவலகத்திலேயே இறக்கிவிட்டுப் போகும்படி கெஞ்சியிருக்கிறார்கள். நம்மவர்கள் ஒப்பவில்லை. கையால் கொடுத்தால்தான் புண்ணியமாம். அரிசி தேவைப்பட்டதால் இல்லத்தாரும் கடைசியில் இணங்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. எண்ணினேன். பதினான்கு பேர். அதில் பதினொருவர் கொடுக்கப் போனவர்கள். முன்னால் பெரிய பதாகை. அதில் இல்லத்தின் பெயர், ஊர், தொலைபேசி எண். வாங்க வந்த இரண்டு பெண்களின் முகத்தில் மஞ்சள் பூ ஒட்டி மறைத்திருந்தார்கள். நடுவில் பலகாரக் கூடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் பூ இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை.

அதன் அப்பனும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தான். சன்னலைத் திறந்து பார்த்தேன். அவன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் இல்லை.

தலைவருக்குப் போன் போட்டு, படத்தை உடனே அழிக்கச் சொன்னேன்.

"பொம்பளைங்க மூஞ்சிய மறைச்சாச்சுலா ஐயா."

"பிள்ளை மூஞ்சிய மறைக்கலையே."

"பிள்ளை சிரிச்சா படம் நல்லா இருக்கும்னு விட்டோம். நம்ம தொகுதி ஒய்.பி. ஆபீசுக்குக்கூட அனுப்பியாச்சு. நல்ல காரியத்துல குத்தம் பாக்காதீங்க."

வெள்ளிக்கிழமை எங்கள் மாநிலத்தில் அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. நல இலாகாவில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் பதாகையில் இருந்த எண்ணையே அழைத்தேன். எடுத்த பெண் நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கவில்லை.

"வந்துட்டாருங்க ஐயா. கேட்டைப் புடிச்சு ஆட்டிக்கிட்டு இருக்காரு. போலீசுக்குச் சொல்லியிருக்கோம். லைன வச்சிடுறேன்."

அதன் பிறகு இருந்த இருப்பை எழுதத் தெரியவில்லை. மாலையில்தான் அதே பெண் திரும்ப அழைத்தார். போலீஸ் அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் சட்டைக்குள் கத்தி இருந்ததாம். மோட்டார் கூடையில் மகளுக்கு ஒரு தீபாவளிப் பாவாடையும் இருந்ததாம்.

கத்தியைப் பற்றி எங்கள் தாமானில் யாரும் பேசவில்லை. பாவாடையைப் பற்றித்தான் பேசினார்கள். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போனது குற்றமா என்று கேட்டார்கள். ஜாமீனில் வந்தவன் அடுத்த மாதமே பந்தியில் பாயச வாளியோடு நின்றான். என் இலைக்கு வந்தபோது எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வயதாகிவிட்டது என்றார்கள். கோயிலின் ஆண்டுக் கூட்டத்தில் படத்தைப் பற்றிப் பேச எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள். ஆண்டு மலரில் அதே படம், அதே சிரிப்போடு அச்சாகி வந்தது.

அந்தக் காப்பகத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் வீடு மாற வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அப்போதுதான் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், அது போயிற்று. ஒரே ஆண்டில் பிள்ளைக்கு மூன்றாவது பள்ளி. அவளை அடித்தவன் மட்டும் அதே வீட்டில், அதே வேலையில், அதே கோயிலில் இருக்கிறான்.

பல மாதங்கள் கழித்து, எண் தெரியாத ஓர் அழைப்பு வந்தது. அவள்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோனதற்கு நன்றி சொன்னாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அதையாவது கற்றுக்கொண்டிருந்தேன். தாமானில் சிலர் விசாரித்தார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"நான் பேசினேன்னு சொல்லாதீங்க அங்கிள். எப்படி இருக்கேன்னுகூடச் சொல்லாதீங்க."

ஆகவே அவள் எப்படி இருக்கிறாள் என்பதை இங்கேயும் நான் எழுதவில்லை. ஒரு பெண் உயிரோடு இருக்க வேண்டுமானால் அவள் முதலில் ஒளிய வேண்டியது நம்மைப் போன்ற நல்லவர்களிடமிருந்துதான் என்று, இந்த வயதில், அரிசி கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.